கான் வெட்டியவர்கள் போன பின்

போன ஆண்டுக் கடைசியில் ஒரு மாலை. நான்கு மணி மழை விட்டதும் மலாக்காவில் ஜாசினிலிருந்து மெர்லிமாவ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். காரின் இடது சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கித் தூக்கிப்போட்டது. டயருக்கு என்ன ஆனதோ என்று ஓரங்கட்டி இறங்கினேன். டயருக்கு ஒன்றுமில்லை. குழியைத்தான் வெகுநேரம் நின்று பார்த்தேன்.

ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். கலங்கிய தண்ணீர் ததும்பி நின்றது. குந்தி உட்கார்ந்து விளிம்பிலிருந்த ஒரு கல்லை விரலால் நெம்பினேன். ஆறு வயதுப் பிள்ளையின் ஆடுகிற பல்லைப் போல அசைந்து கையோடு வந்துவிட்டது. மேல் முகம் கறுப்பு. திருப்பினால் அடி முகம் வெளிறிய சாம்பல். ஆற்றில் கிடந்து அலசப்பட்ட கல்லைப் போல அவ்வளவு சுத்தம். தார் பூசிய சுவடே இல்லை. பக்கத்துக் கல்லையும் எடுத்தேன். அதுவும் அப்படியே. குழியைச் சுற்றியிருந்த சாலையோ கறுப்பாக, வழவழப்பாக, நேற்றுப் போட்டதுபோலத் தெரிந்தது.

அப்பா இருந்திருந்தால் அந்தக் கல்லைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். பொதுப்பணி இலாகாவில், அதாவது பி.டபிள்யூ.டி.யில், ரோட்டு வேலை பார்த்தவர் அவர். "ரோடு மேல இருந்து சாவாதுடா, அடியில இருந்துதான் சாவும்" என்பார். ஐம்பது வருடத்துக்கு முன் கேட்ட அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் என் உள்ளங்கையில் கிடந்தது.

மலாக்காவில் சாலைக்கும் நம் ஆட்களுக்குமான உறவு ரப்பருக்கு முந்தியது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்று இடங்களிலும் சாலை போட்டார்கள். சென்னை மாகாணத்துக் கைதிகளும் அதில் இருந்தார்கள். அவர்களை மேற்பார்த்த மேஜர் மெக்நாயர் பின்னாளில், 1899-இல், அந்தக் கைதிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1872-இல் பொதுப்பணி இலாகா தொடங்கியபோது அதற்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். அந்த இலாகாவின் வாரிசான இன்றைய ஜே.கே.ஆர். 1872-ஐத்தான் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது. கைதிகள் போனதும் அந்த வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். ரயில் தண்டவாளமும் பி.டபிள்யூ.டி. சாலையும் நம்மவர் முதுகில்தான் ஏறி வந்தன. தோட்டத்துத் தமிழனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். ரோட்டுத் தமிழனைப் பற்றி எழுதியது குறைவு.

அப்பாவின் கூட்டத்தில் எட்டு ஒன்பது பேர். மேற்பார்க்க ஒரு மண்டோர். இன்ன மைல்கட்டையிலிருந்து இன்ன மைல்கட்டை வரை இவர்கள் பொறுப்பு என்று சாலையைப் பங்கு போட்டிருந்தார்கள். விடியற்காலையில் சங்குல் மண்வெட்டியும் பாராங் கத்தியும் தள்ளுவண்டியுமாகப் புறப்படுவார்கள். ரோட்டு வேலை என்றால் ரோட்டில் நடக்கிற வேலை என்றுதான் நான் சின்னப் பிள்ளையில் நினைத்திருந்தேன். ஒருநாள் சோறு கொண்டுபோய்ப் பார்த்தபோது ஒருவர்கூட ரோட்டில் இல்லை. எல்லோரும் ஓரத்து வடிகாலான கானுக்குள் இறங்கி நின்றார்கள். புல்லைச் செதுக்கி, இறங்கிக் கிடந்த மண்ணை வாரி, கானின் அடித்தளத்தைக் கயிறு பிடித்துச் சரிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலை ஓரத்துப் புல்மேட்டில் இருபது முப்பது அடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வாய் வெட்டிவிட்டிருந்தார்கள். சாலையில் விழுகிற மழை அந்த வாய் வழியாகக் கானுக்கு இறங்கும்.

இன்னொரு காட்சியும் மறக்கவில்லை. மழை வலுத்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். எங்கள் மண்டோர் அப்போதுதான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே சாலையைத் தாண்டி ஓடுகிறது என்று மழையிலேயே பார்த்துவிட்டு வந்து மறுநாள் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். வெயிலில் பார்த்தால் எல்லா ரோடும் நல்ல ரோடுதான் என்பது அவர் வாதம்.

தோட்டத்துக்குள்ளே செம்மண் ரோடு. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டதிலிருந்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டக் கதை மலாக்காவில்தான் தொடங்கியது. பின்னால் புக்கிட் அசகான் பெரிய தோட்டமானது. இந்த மண்ணுக்கே ஒரு தனிக் குணம் உண்டு. மலேசிய மண்ணியல் வகைப்பாட்டில் 'மலாக்கா' என்றே ஒரு மண்வகை இருக்கிறது: இரும்புத் துருபோன்ற கட்டிகள் நிறைந்த செம்புறை மண். டச்சுக்காரர்கள் 1753-இல் கட்டி முடித்த கிறைஸ்ட் சர்ச்சின் சுவருக்கு அடியில் இருப்பதும் இதே செம்புறைக் கல்தான். தோட்டத்துக் குன்றில் வெட்டிய அந்தச் சரளையைப் பெண்கள் கூடையில் சுமந்து கொட்டுவார்கள். ரோலர் உருட்டி, நடுவில் மேடாக, இருபுறமும் சரிவாக விடுவார்கள். ஆமை முதுகு என்பது அதற்குப் பெயர். ஆமை முதுகு இருந்தால் மழை ரோட்டில் தங்காது. தேய்ந்து தட்டையானால் அடுத்த மழைக்கே சேறு.

அந்த நாளை நான் பொன்னால் பூச விரும்பவில்லை. செம்மண் ரோட்டில் பள்ளிக்கூடத்துச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்த தலைமுறை நாங்கள். வறண்ட நாளில் ரப்பர்ப் பால் லோரி போனால் லயத்துத் துணியெல்லாம் சிவந்துபோகும். அடைமழையில் பிரசவ வலி எடுத்த பெண்ணை லோரியில் ஏற்றி, லோரி சேற்றில் புதைந்து, ஆண்கள் தள்ளிக் கரையேற்றிய இரவுகள் உண்டு. கூடை சுமந்த அம்மாமார்களுக்கு நாற்பது வயதில் முழங்கால் போயிற்று. தார் ரோடு வந்தபோது தோட்டமே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

முதலில் வந்தது இன்றைய மாதிரி இல்லை. கருங்கல்லைக் கையால் அடுக்கி, இடுக்கில் சின்னக் கல் இட்டு, பீப்பாயில் தாரைக் காய்ச்சி நீண்ட மூக்குள்ள வாளியால் ஊற்றுவார்கள். மேலே பொடிக்கல் தூவி ரோலர் ஓட்டுவார்கள். தார் என்று நாம் சொன்னாலும் அது நிலக்கரித் தார் இல்லை. பெட்ரோலியம் வடித்த பிறகு அடியில் மிஞ்சுகிற பிட்டுமென். பேச்சில் தார் என்றே நிலைத்துவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தச் சாலைக்குள் தண்ணீர் போகும். ஆனால் அடியில் அடுக்கிய கல்லின் இடுக்கு வழியாகக் கானுக்கு வெளியேறவும் செய்யும். அதற்குப் பிறகு கலவை ஆலையில் கல்லையும் தாரையும் 150 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கலந்து, லோரியில் கொண்டுவந்து, எந்திரம் பாய் விரிப்பதுபோல விரிக்கிற பிரிமிக்ஸ் வந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோது சிம்பாங் அம்பாட், ஆயர் குரோ, ஜாசின் வழியாக அந்தக் கறுப்புப் பாய் ஓடியது. அலோர் காஜாவிலிருந்து மலாக்காவைத் தொட்டு ஜாசின் போகும் ஏ.எம்.ஜே. சாலையும் வந்தது. மணிக்கணக்கில் ஆன பயணம் நிமிடக் கணக்கில் சுருங்கிற்று.

இவ்வளவு நல்ல கலவை ஏன் அடியிலிருந்து சாகிறது?

இதை எனக்குப் புரியவைத்தவன் தம்பி மகன். ஒரு பிரிமிக்ஸ் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறான். நான் கொண்டுபோன அந்தச் சாம்பல் கல்லைக் கையில் வாங்கியதும், "பெரியப்பா, இது கருங்கல்லோட குணம்" என்றான். இந்த வட்டாரத்துச் சாலைக்கு வருகிற குவாரிக் கல் பெரும்பாலும் கிரானைட். அதில் சிலிக்கா அதிகம். சிலிக்காவுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுறவு. கல் காய்ந்து சூடாக இருக்கும்போது தார் பிடித்துக்கொள்கிறது. பிறகு தண்ணீர் எப்படியாவது அந்த இடத்துக்கு வந்துவிட்டால், கல் தாரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. நாம் கிடைக்கிற கல்லில்தான் சாலை போட முடியும்.

சொன்னதோடு விடவில்லை, செய்தும் காட்டினான். தார் பூசிய ஒரு கைப்பிடிக் கல்லைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டான். இன்னொரு பாத்திரத்திலும் அதே கல், அதே தார். ஆனால் கல்லில் தார் பூசுமுன் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் புரட்டியிருந்தான். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்து, இரண்டையும் வெள்ளைத் தாளில் கொட்டினான். முதல் தாளில் கற்களின் முனைகளிலும் முகங்களிலும் தார் சுருண்டு விலகி, சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. குழம்பின் மேல் எண்ணெய் ஒதுங்குமே, அதைப்போல. இரண்டாவது தாளில் கல் கறுப்பாகவே கிடந்தது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். எங்கள் ஆயா இடுப்பில் செருகியிருந்த டப்பாவில் இருந்த பொருள் சாலையைக் காப்பாற்றும் என்று யார் நினைத்தோம்? தாரில் இருக்கும் அமிலப் பகுதியோடு சுண்ணாம்பின் கால்சியம் சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிறது, அதுவே கல்லையும் தாரையும் பிணைக்கிறது என்று அவன் விளக்கினான்.

கொதிக்கும் பாத்திரத்தில் பத்து நிமிடத்தில் நடப்பது சாலையில் பருவமழைகளில் மெல்ல மெல்ல நடக்கிறது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும், உச்சி வெயிலில் தார் ரோடு காலில் என்ன பாடு படுத்தும் என்று. சாலைக்கு ஊற்றுகிற தார் ஏறத்தாழ 50 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலில் சாலையின் மேல்தளம் அதையும் தாண்டும். அந்தச் சூட்டில் இளகிய தார் மேல், பிற்பகலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊரின் மழை கொட்டுகிறது. அப்புறம் லோரி வருகிறது. லோரியின் டயர் ஈரமான சாலையில் உருளும்போது, கலவைக்குள் சிக்கிய தண்ணீரை முன்பக்கம் அழுத்தி, பின்பக்கம் உறிஞ்சுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரி. ஒரு நாளில் ஆயிரம் தடவை இது நடந்தால் கல்லைப் பிடித்திருந்த தார்ப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வரும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது. முதலில் வெடிப்பின் வழியாக வெள்ளையாக ஒரு சேறு கசியும். அடியிலுள்ள மாவு மண் மேலே வருகிறது என்று அர்த்தம். அப்புறம் முதலைத் தோல் போலச் சிறுசிறு வெடிப்பு. அப்புறம் குழி. குழி வந்த அன்றுதான் நாம் புகார் சொல்கிறோம். சாலை செத்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

லோரியின் எடையைத் தனியாகச் சொல்லவேண்டும். ரப்பர்க் காலத்தில் தோட்டத்திலிருந்து போனது பாலும் ஷீட்டும். இன்று செம்பனைக் குலை, மணல், குவாரிக் கல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை சாலைகளைப் போட்டு லோரிகளை ஓட்டவிட்டே ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்பது அதில் கிடைத்த கணக்கு. உலர்ந்த சாலைக்கே இந்த நிலை என்றால், அடி ஊறிய சாலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்து மக்கள் லயங்களை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தபோது வேறு வகைச் சாலைகள் வந்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட் கான். பார்க்க அழகு. ஆனால் பல இடங்களில் அந்தக் கானின் உதடு சாலையைவிட உயரமாக இருக்கிறது, அல்லது சாலை ஓரத்துப் புல் வருடா வருடம் மண்ணைச் சேர்த்து ஒரு வரப்பாகிவிட்டது. தண்ணீர் கானைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் நிற்கிறது. அப்பா கூட்டம் வெட்டிவிட்ட அந்தச் சின்ன வாய்கள் இன்று யார் கணக்கிலும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் சாலையைக் குறுக்கே வெட்டுகிறார்கள். வெட்டின இடத்தை மூடிவிட்டுப் போகிறார்கள். அந்த மூட்டின் வழியாக மழை உள்ளே போகிறது. ஒரு வருடத்தில் வெட்டின கோட்டை ஒட்டியே குழிகள் வரிசை கட்டுகின்றன. எங்கள் தாமானில் நடந்துபோய் எண்ணிப் பாருங்கள் என்று யாரையும் அழைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

2021 டிசம்பர் கடைசியிலும் 2022 ஜனவரி தொடக்கத்திலும் அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். வீட்டுச் சாமான் போனதைப் பேசினோம். நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்த சாலைகளின் மேல் வடிந்த மறுநாளே லோரிகள் ஓடியதைப் பேசவில்லை. மேலே காய்ந்தாலும் சாலையின் அடியில் இருக்கிற மண் காய வெகுநாளாகும். அதுவரை சாலை இட்லி மாவு மேல் விரித்த வாழையிலை மாதிரி.

அன்றைய ரோட்டுக் கூட்டங்கள் கரைந்துபோனது ஒரே நாளில் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பது நின்றது. 2001-இல் தீபகற்பத்தின் கூட்டரசு சாலைப் பராமரிப்பு தனியார் நிறுவனங்களுக்குப் போயிற்று. எந்திரம் வந்தது, கணக்கு வந்தது; புல் வெட்டுவதும் கான் தோண்டுவதும் குழி அடைப்பதும் அட்டவணைக்கு வந்தன. அட்டவணையில் தவறில்லை. ஆனால் தன் நாலு கட்டைத் தூரத்தை மழையில் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிற ஒருவர் அட்டவணையில் இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த குறை. சாலையின் பொருள் மேம்பட்டுவிட்டது. சாலையோடு பழகின கண் போய்விட்டது.

பொருளைப் பொறுத்தவரை நல்ல செய்திகள் நிறையவே உண்டு. ஜே.கே.ஆர். விவரக்குறிப்பிலேயே கலவையில் சுண்ணாம்புத் தூளுக்கு இடம் இருக்கிறது, மொத்தக் கல்லின் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேற்படாமல். கல்லையும் தாரையும் இரண்டு கையால் பிடிக்கிற அமீன் வகை ரசாயனத்தைத் தாரிலேயே துளி கலப்பதும் நடக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக் பையைச் சூடான கல்லில் உருக்கிப் பூசி, அதன் மேல் தார் இடும் முறையைக் கண்டார். 2002-இல் சென்னை நுங்கம்பாக்கத்து ஜம்புலிங்கம் தெருவில் அப்படிச் சாலை போட்டார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லின் மேல் பிளாஸ்டிக் போர்வை இருப்பதால் தண்ணீருக்குக் கல்லைத் தொட வழி இல்லை என்பது அதன் சூட்சுமம்.

எனக்கு எல்லாவற்றையும்விட மனதைத் தொட்டது ஒட்டுப்பால் கதை. மரத்துப் பால் வடிகிற மாங்கில் தானாக உறைந்து கட்டியான பாலைத் தாரில் கலந்து சாலை போடுவதை மலேசிய ரப்பர் வாரியமும் ஜே.கே.ஆரும் சேர்ந்து முன்னெடுத்தன. 2019 வரவு செலவுத் திட்டத்தில், துறைமுக, தொழிற்பேட்டைச் சாலைகளுக்கு இதைப் பயன்படுத்த 10 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். ரப்பர் கலந்த தார் வெயிலுக்கு எளிதில் இளகாது, கல்லை விடாமல் பிடிக்கும், லோரி ஏறினால் இழுபட்டுத் திரும்பும். முதல் செலவு கூடுதல்தான். ஆனால் சிறு தோட்டக்காரரின் பாலுக்கு நல்ல விலை வரவும் இது உதவும். டான் சாய் யான் கன்று நட்ட மண்ணில் ஓடுகிற சாலைக்கு, ஆயாவும் அம்மாவும் விரலால் வழித்துச் சாக்கில் போட்ட ஒட்டுப்பால் போய்ச் சேர்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. மலாக்காவின் ஊர்ச் சாலைகளிலும் அது வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் சுண்ணாம்பு, ரசாயனம், பிளாஸ்டிக், ஒட்டுப்பால் எல்லாம் இரண்டாவது காவல்தான். தம்பி மகன் இதில் கண்டிப்பானவன். "கலவையை நல்லா இறுக்கலேன்னா எதைப் போட்டும் பிரயோஜனமில்ல பெரியப்பா" என்றான். நன்றாக வடிவமைத்த கலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்குதான் காற்று இடைவெளி இருக்கும். இறுக்கம் குறைந்து, 8 பங்குக்கு மேல் போனால், அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று கைகோத்துத் தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். கலவை ஆறிப்போன பிறகு ரோலர் ஓட்டினாலும், மழைத் தூறலில் வேலையை முடிக்கப் பார்த்தாலும், கல்லில் தூசி ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். பழைய, ஊறிப்போன சாலையின் மேலேயே புதுப் பாய் விரிப்பது இன்னும் மோசம். அடியில் இருக்கிற ஈரத்துக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். அந்த ஈரம் உள்ளே அடைபட்டுப் புதிய தளத்தையும் அடியிலிருந்து தின்னும். தேர்தல் நேரத்தில் பளபளப்பாகிற சாலை அடுத்த மழைக்காலத்தில் கொப்பளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

குழி அடைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். குழியில் தண்ணீர் நிற்கும்போதே பையிலிருந்து கலவையைக் கொட்டி, சங்குலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு வாரத்தில் அது தெறித்துவிடும். சரியான முறை வேறு. ஆடுகிற கல் இருக்கும் இடம் முழுவதையும், உறுதியான உலர்ந்த தளம் வரும்வரை, சதுரமாக வெட்டி எடுக்கவேண்டும். காயவைக்க வேண்டும். அடியிலும் பக்கச் சுவரிலும் தார்ப்பால் பூசி, அடுக்கடுக்காகக் கலவை இட்டு இறுக்கி, மூட்டைத் தாரால் அடைக்கவேண்டும். பல் டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைக்கிறாரே, அதே வேலை. அதைவிட முக்கியம், அந்தக் குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. அடைத்த கானைத் திறக்காமல் குழியை மட்டும் அடைத்தால், அடுத்த குழி இரண்டடி தள்ளி வரும். நல்ல சாலையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வைக்கிறார்கள். அப்பாவின் ஆமை முதுகுக்கு இன்றைய அளவு அது. அந்தச் சரிவில் இறங்கி வருகிற தண்ணீர் ஓரத்தில் ஒரு கைப்பிடிப் புல்மேட்டில் தடுக்கி நிற்குமானால், சாலை போட்ட பொறியாளரின் படிப்பெல்லாம் வீண்.

தோட்டச் சாலைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. மாநிலச் சாலைகளுக்கு அரசியலமைப்பின்படி கூட்டரசு மானியம் உண்டு. ஆனால் சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அது கிடைக்கும். தோட்டத்து நிர்வாகம் போட்ட சாலை தனியார் சாலை. தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் மிஞ்சி நிற்கிற இடங்களில், அங்கே போகிற சாலை பதிவேட்டில் இல்லையென்றால், அதற்கு யாரும் பொறுப்பில்லை. நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஒரு பள்ளிக்கூடத்து வழி அப்படித்தான். தார் தேய்ந்து, செம்புறைச் சரளை திரும்ப மேலே வந்திருந்தது. அப்பா காலத்து ரோடே திரும்பி வந்தது போலிருந்தது, ஆமை முதுகு மட்டும் இல்லாமல். உங்கள் பள்ளி, கோயில் வாரியங்களில் இருப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது அந்தச் சாலை பதிவேட்டில் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்பது. இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2023-இல் பொதுப்பணி அமைச்சு மைஜாலான் என்ற செயலியைக் கொண்டுவந்தது. கைப்பேசியிலேயே சாலைக் குறையைத் தெரிவிக்கலாம். ஊராட்சிகளுக்கும் தெரிவிக்கலாம்: மலாக்கா மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின், எதுவானாலும். நாம் வழக்கமாகக் குழியைத்தான், அதுவும் வெயில் அடிக்கும்போது, படம் பிடித்து அனுப்புகிறோம். அடுத்த மழையில் குடையோடு வெளியே வாருங்கள். உங்கள் வீட்டுக்கு முன்னால் தண்ணீர் எந்த இடத்தில் கானுக்குப் போகாமல் நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தைப் படம் எடுங்கள். "குழியை மூடுங்கள்" என்று எழுதுவதற்கு முன்னால் "இந்தக் கானைத் திறந்துவிடுங்கள், இந்த ஓரத்துப் புல்மேட்டை வெட்டிவிடுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள்.